கொழும்பு எங்கே முடிவடைகின்றது?

"எங்கே இருக்கின்றீர்கள்?" என்று வெளியூரிலிருந்து வரும் உறவினர் கேட்டால் வத்தளையில் வசிப்பவரும், தெஹிவளையில் வசிப்பவரும், கொலன்னாவையில் வசிப்பவரும் "கொழும்பில்" என்றே பதில் கூறுகின்றனர். சட்டத்தின் கண்கொண்டு நோக்கினால் இம்மூவரில் ஒருவரேனும் கொழும்பு மாநகரத்தில் வசிக்கவில்லை. இவர்களுள் வத்தளைவாசி கொழும்பு மாவட்டத்தில்கூட வசிக்கவில்லை. இருந்தபோதிலும் அவர்களின் தொழிலும், பிள்ளைகளின் பாடசாலையும், நோயுற்றால் நாடும் வைத்தியசாலையும் பெரும்பாலும் கொழும்பிலேயே உள்ளன. அவ்வாறாயின் கொழும்பு எங்கே முடிவடைகின்றது? அதற்கு அப்பாலுள்ள பிரதேசங்கள் எங்கே ஆரம்பமாகின்றன?

இது வரைபடம் வரைபவர்களுக்கு மாத்திரம் உரிய வினா அன்று. எமது வாக்கு எந்த மாவட்டத்தில் எண்ணப்படுகின்றது, அரச அலுவலகம் எந்த மொழியில் எமக்குப் பதிலளிக்கின்றது, எமது பிள்ளைக்கு எந்தப் பாடசாலையில் இடம் கிடைக்கின்றது, நகரத்தின் குப்பை யாருடைய வீட்டு வாசலில் கொட்டப்படுகின்றது என்பன அனைத்தும் இந்த எல்லைக் கோடுகளிலேயே தங்கியுள்ளன. ஆகையினால் தமிழ், முஸ்லிம் வாசகர்கள் இவ்விடயத்தைச் சற்று நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டியது அவசியமெனக் கருதுகின்றோம்.

முதலில் சட்டம் கூறும் கொழும்பைப் பார்ப்போம். 1865 ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் மூலம் தோற்றம் பெற்ற கொழும்பு மாநகர சபையின் பரப்பளவு இன்று சுமார் 37 சதுர கிலோமீற்றர் மாத்திரமே. வடக்கே களனி கங்கை, தெற்கே தெஹிவளைக் கால்வாய், மேற்கே கடல் என்பன அதன் எல்லைகளாகும். கொழும்பு 1 முதல் கொழும்பு 15 வரையான தபால் வலயங்கள் இதற்குள் அடங்குகின்றன. 2012 ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின்படி இங்கு வாழ்ந்தோர் சுமார் 5 இலட்சத்து 61 ஆயிரம் பேர். 2001 ஆம் ஆண்டில் இத்தொகை ஏறத்தாழ 6 இலட்சத்து 40 ஆயிரமாக இருந்தது. அதாவது நாட்டின் பிரதான நகரம், நிருவாகக் கணக்கின்படி, சனத்தொகையில் சுருங்கிக்கொண்டு சென்றிருக்கின்றது.

உண்மையில் நகரம் சுருங்கவில்லை; எல்லையைத் தாண்டி வெளியே சென்றுவிட்டது. 2012 இல் கொழும்பு மாவட்டத்தில் சுமார் 23 இலட்சம் பேரும், கொழும்பு, கம்பஹா, களுத்துறை ஆகிய மூன்று மாவட்டங்களும் அடங்கிய மேல் மாகாணத்தில் சுமார் 58 இலட்சம் பேரும் வாழ்ந்தனர். 2024 ஆம் ஆண்டுத் தொகைமதிப்பு மேலும் ஒரு மாற்றத்தை வெளிப்படுத்தியது. நாட்டில் அதிகூடிய சனத்தொகை கொண்ட மாவட்டம் என்ற இடத்தைக் கொழும்பிடமிருந்து கம்பஹா மாவட்டம் பெற்றுக்கொண்டது. 1978 ஆம் ஆண்டு வரை கம்பஹா என்றொரு தனி மாவட்டம் இருக்கவில்லை என்பதும், அது கொழும்பு மாவட்டத்திலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கவை.

எல்லைகளின் விசித்திரம் இத்துடன் முடிவடையவில்லை. உலகமே 'கொழும்பு விமான நிலையம்' என்று அழைக்கும் விமான நிலையம் கம்பஹா மாவட்டத்தின் கட்டுநாயக்காவில் உள்ளது. 1982 ஆம் ஆண்டு முதல் பாராளுமன்றம் கூடும் இடம் கொழும்பு மாநகரம் அன்று. அது ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே. கடலை நிரப்பி உருவாக்கப்பட்ட 269 ஹெக்டயர் நிலப்பரப்பான துறைமுக நகரம் 2019 ஆம் ஆண்டிலேயே கொழும்பு மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது. காலிமுகத்திடலுக்கு அருகிலேயே அமைந்திருந்தும், 2021 ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் அது தனியானதோர் ஆணைக்குழுவின் கீழ் கொண்டுவரப்பட்டது.

ஒரு பெருநகரம் எங்கே முடிவடைகின்றது என்பதைத் தீர்மானிக்க உலகில் பொதுவாக மூன்று வழிமுறைகள் கையாளப்படுகின்றன.

முதலாவது, நிருவாக எல்லை. சட்டம் வரைந்த கோடே நகரத்தின் முடிவு என்பது இதன் பொருள். கணக்கெடுப்பதற்கு இது இலகுவானது. ஆனால் அக்கோடு வரையப்பட்ட காலத்தின் நகரத்தையே அது காட்டுமேயன்றி, இன்றைய நகரத்தைக் காட்டாது.

இரண்டாவது, கட்டடங்களின் தொடர்ச்சி. வீடுகளும் கடைகளும் இடைவெளியின்றித் தொடரும் வரை நகரம் தொடர்கின்றது. வயலும் தோட்டமும் எங்கே மேலோங்குகின்றனவோ அங்கே அது முடிவடைகின்றது. இந்த அளவுகோலின்படி காலி வீதி வழியாகச் செல்பவருக்குக் கொழும்பு மொறட்டுவையைத் தாண்டியும் முடிவடையாது. நீர்கொழும்பு வீதியில் வத்தளை, ஜா-எல என்று அது நீண்டுகொண்டே செல்லும்.

மூன்றாவது, மக்களின் அன்றாடப் போக்குவரத்து. ஒரு பிரதேசத்தில் தொழில் புரிவோரில் குறிப்பிட்டதொரு பங்கினர் நாள்தோறும் நகரத்துக்குச் சென்று திரும்புவார்களாயின் அப்பிரதேசமும் அந்நகரத்தின் பகுதியே எனக் கொள்வது இம்முறை. ஐக்கிய அமெரிக்காவில் இப்பங்கு 25 சதவீதமாக வகுக்கப்பட்டுள்ளது. ஐரோப்பிய நாடுகளில் 15 சதவீதம் என்ற அளவு கையாளப்படுகின்றது. காலையில் கோட்டை புகையிரத நிலையத்தில் வந்திறங்கும் கூட்டத்தை அவதானித்தவர்களுக்கு இந்த அளவுகோலின் நியாயம் விளங்கும். தெற்கே களுத்துறை, அளுத்கமை, கிழக்கே அவிசாவளை, வடக்கே நீர்கொழும்பு, சிலாபம், வடகிழக்கே கம்பஹா, வேயங்கொடை, பொல்கஹவெல என்று அலுவலகப் புகையிரதங்கள் மக்களைச் சுமந்து வருகின்றன. இவற்றுள் சிலாபமும் பொல்கஹவெலவும் மேல் மாகாணத்திலேயே இல்லை. அவை வடமேல் மாகாணத்தைச் சேர்ந்தவை. ஆகவே, மக்களின் கால்கள் வரையும் கொழும்பு மாகாண எல்லையையும் கடந்துவிட்டது.

இம்மூன்று அளவுகோல்களும் மூன்று வெவ்வேறு கொழும்புகளை எமக்குக் காட்டுகின்றன. ஒன்று 37 சதுர கிலோமீற்றர் கொண்டது. மற்றொன்று வீதிகளின் வழியே நட்சத்திரம்போல நீள்வது. மூன்றாவது, ஒரு மாகாணத்தையும் விஞ்சியது. இவற்றுள் எது சரி என்று கேட்பதைவிட, எந்தத் தேவைக்கு எது பொருந்தும் என்று கேட்பதே அறிவுடைமையாகும்.

திட்டமிடலாளர்கள் இதனை நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்திருந்தனர். 1921 ஆம் ஆண்டில் கொழும்புக்குத் திட்டம் வரைந்த பற்றிக் கெடிஸ் நகரத்தையே பிரதானமாக நோக்கினார். ஆனால் 1940 களின் இறுதியில் பற்றிக் அபர்குரொம்பி தயாரித்தது ஒரு பிராந்தியத் திட்டமாகும். இரத்மலானை, ஹோமாகமை, றாகமை ஆகிய இடங்களில் துணை நகரங்களை அமைத்து நெரிசலைக் குறைக்கலாம் என்பது அவரது யோசனை. 1998 ஆம் ஆண்டின் கொழும்புப் பெருநகரப் பிராந்தியக் கட்டமைப்புத் திட்டமும், 2016 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட மேல் மாகாண 'மெகாபொலிஸ்' திட்டமும் மேல் மாகாணம் முழுவதையும் ஒரே பெருநகரப் பிராந்தியமாகக் கொண்டன. மேல் மாகாணத்தின் பரப்பளவு சுமார் 3,684 சதுர கிலோமீற்றர். அதாவது மாநகர சபைப் பிரதேசத்தைப் போன்று ஏறத்தாழ நூறு மடங்கு.

திட்டங்கள் விரிந்தன, நிருவாகமோ விரியவில்லை. அண்டை நாட்டின் சென்னையில் மாநகராட்சியின் எல்லை 2011 ஆம் ஆண்டில் 174 சதுர கிலோமீற்றரிலிருந்து 426 சதுர கிலோமீற்றராக விரிவாக்கப்பட்டது. அதன் பெருநகரத் திட்டமிடல் பிரதேசம் 2022 ஆம் ஆண்டில் 1,189 சதுர கிலோமீற்றரிலிருந்து 5,904 சதுர கிலோமீற்றராக விரிவுபடுத்தப்பட்டது. கொழும்பிலோ மாநகர சபை தனது பழைய எல்லைக்குள்ளேயே நிற்க, அதனைச் சூழ மாநகர சபைகளும் நகர சபைகளும் பிரதேச சபைகளும் தனித்தனியே இயங்குகின்றன.

இதனால் விளைந்த வேடிக்கையொன்றையும் குறிப்பிட வேண்டும். 1987 ஆம் ஆண்டில் பிரதேச சபைகள் உருவாக்கப்பட்டபோது பழைய பட்டின சபைகள் அவற்றுடன் இணைக்கப்பட்டன. அதன் பின்னர் தொகைமதிப்பில் மாநகர சபை, நகர சபைப் பிரதேசங்கள் மாத்திரமே 'நகரம்' எனக் கணிக்கப்படலாயின. இதன் விளைவாக, 1981 இல் சுமார் 21.5 சதவீதமாக இருந்த நாட்டின் நகரச் சனத்தொகை 2012 இல் 18.2 சதவீதமாகக் 'குறைந்தது'. பிரதேச சபைகளின் ஆளுகையிலிருந்த களனியும், கொட்டிகாவத்தை - முல்லேரியாவும், ஹோமாகமையும் அக்கணக்கெடுப்பில் கிராமங்களாகவே கொள்ளப்பட்டன. அங்கு நெருக்கமாக வாழும் மக்களுக்கு நகரத்தின் இடர்கள் அனைத்தும் உண்டு. நகரம் என்ற பெயர் மாத்திரம் இல்லை.

இனி, இக்கோடுகள் எமது சமூகங்களை எவ்வாறு தொடுகின்றன என்பதை நோக்குவோம்.

கொழும்பு மாநகர எல்லைக்குள் எந்தவொரு இனமும் தனிப் பெரும்பான்மையாக இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து அங்கு பாதிக்கும் மேற்பட்டோராக உள்ளனர். மேல் மாகாணம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஐந்தில் நான்கு பங்குக்கும் அதிகமானோர் சிங்கள மக்கள். ஆகவே, 'கொழும்பு' என்ற கோட்டை எங்கே வரைகின்றோம் என்பதைப் பொறுத்து, அதே மக்கள் ஒரு வரைபடத்தில் பெரும்பங்கினராகவும் மற்றொரு வரைபடத்தில் சிறுபங்கினராகவும் காட்சியளிப்பர். 2010, 2011 ஆம் ஆண்டுகளில் கொழும்பையும் அயல் சபைகளையும் ஒரே பெருநகர நிருவாகத்தின் கீழ் கொண்டுவருவது பற்றிப் பேசப்பட்டபோது எமது மக்களிடையே எழுந்த அச்சம் காரணமற்றதன்று.

வாக்குரிமை விடயத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் வீட்டு வாடகை தாங்காமல் தெஹிவளைக்குச் செல்லும் குடும்பம் மாநகர சபையைவிட்டு வெளியேறுகின்றது. ஆயினும் பாராளுமன்றத் தேர்தலில் அது கொழும்பு மாவட்ட வாக்காளராகவே நீடிக்கின்றது. கொட்டாஞ்சேனையிலிருந்தோ மட்டக்குளியிலிருந்தோ களனி கங்கையைக் கடந்து ஹெந்தளைக்கும் வத்தளைக்கும் செல்லும் குடும்பமோ, ஒரு பாலத்தைக் கடந்த அளவில் கம்பஹா மாவட்டத்தின் வாக்காளராகிவிடுகின்றது. கடந்து சென்ற தூரம் சிலவேளை இரண்டு மைல்கூட இராது. ஆனால் கொழும்பு மாவட்டத்தில் ஒன்றுதிரண்டிருந்த வாக்குப் பலம் அங்கு சிதறுண்டு போகின்றது. 2024 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் கொழும்பு மாவட்டத்துக்கு 18 ஆசனங்களும் கம்பஹாவுக்கு 19 ஆசனங்களும் ஒதுக்கப்பட்டிருந்தன என்பது, மக்களுடன் ஆசனங்களும் ஆற்றைக் கடந்துவிட்டன என்பதைக் காட்டுகின்றது.

மொழியுரிமையும் அவ்வாறே. ஒரு பிரதேச செயலாளர் பிரிவில் சிங்கள அல்லது தமிழ் மொழிச் சிறுபான்மையினர் மொத்தச் சனத்தொகையில் எட்டில் ஒரு பங்குக்கு அதிகமாக இருப்பின், அங்கு இரு மொழிகளையும் நிருவாக மொழிகளாக சனாதிபதி பணிக்கலாம் என அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை ஏற்பாடு செய்துள்ளது. எட்டில் ஒரு பங்கு என்பது கோட்டுக்குள் எண்ணப்படும் பங்கு. தமிழ் பேசும் மக்கள் செறிந்து வாழும் ஒரு தெருத்தொகுதி ஒரே பிரிவினுள் அமைந்தால் அவ்வளவை எட்டக்கூடும். இரு பிரிவுகளுக்கிடையே பிரிக்கப்பட்டால் இரண்டிலும் எட்டாமல் போகக்கூடும். பிறப்புச் சான்றிதழ் பெறுவதற்கு மொழிபெயர்ப்பாளரைத் தேடி அலைய வேண்டிய நிலை எவ்வாறு உருவாகின்றது என்பதற்கு இதுவும் ஒரு விளக்கமாகும்.

பாடசாலை அனுமதியைப் பற்றிப் பெற்றோருக்கு நாம் கூறத் தேவையில்லை. முதலாம் வகுப்புக்கு வசிப்பிடத்தின் அண்மையும் தேர்தல் இடாப்புப் பதிவும் பார்க்கப்படுகின்றன. பெயர் பெற்ற தமிழ்மொழிமூலப் பாடசாலைகளும் முஸ்லிம் பாடசாலைகளும் பெரும்பாலும் மாநகர எல்லைக்குள்ளேயே அமைந்துள்ளன. குடும்பங்கள் வெளியே குடியேறிய வேகத்துக்கு ஏற்பப் பாடசாலைகள் வெளியே தோன்றவில்லை. அதிகாலையில் நீர்கொழும்பு வீதியில் பாடசாலை வான்களில் உறங்கியவாறே நகரத்துக்குள் வரும் சிறார்களே இதற்குச் சாட்சி.

இவையனைத்திலும் பாரதூரமானது குப்பை விவகாரம். புளூமெண்டால் குப்பைமேடு மூடப்பட்ட பின்னர் கொழும்பு மாநகரத்தின் குப்பை, எல்லைக்குச் சற்று வெளியே, கொலன்னாவைப் பிரதேசத்தின் மீதொட்டமுல்லையில் மலையாகக் குவிந்தது. அங்கு வாழ்ந்த சிங்கள, தமிழ், முஸ்லிம் ஏழைக் குடும்பங்கள் கொழும்பு மாநகர சபைக்கு வாக்களிப்பவர்கள் அல்லர். தமது வாசலில் குப்பை கொட்டிய சபையைத் தேர்தலில் தண்டிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கவில்லை. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டுத் தினத்தன்று, அம்மலை சரிந்து விழுந்ததில் 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அதன் பின்னர் குப்பை இன்னும் தொலைவுக்குச் சென்றது. ஒரு பகுதி வத்தளைக்கு அண்மையிலுள்ள கெரவலப்பிட்டிக்குச் சென்றது. அங்கு 2021 இல் குப்பையிலிருந்து மின்சாரம் பிறப்பிக்கும் நிலையமொன்று இயங்கத் தொடங்கியது. மற்றொரு பகுதி கொழும்பிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவில், புத்தளம் மாவட்டத்தின் அருவக்காட்டை நோக்கிச் சென்றது. புத்தளம் மக்கள் 2018, 2019 ஆம் ஆண்டுகளில் வீதியில் இறங்கி நீண்ட போராட்டம் நடத்தினர். இருந்தும் 2019 இல் குப்பை ஏற்றிய வாகனங்கள் அங்கு செல்லத் தொடங்கின. சீமெந்துக்காகச் சுண்ணாம்புக் கல்லை வழங்கிய மண் அது. 900 மெகாவாட் மின்சாரத்துக்காக நுரைச்சோலையில் நிலக்கரிப் புகையை ஏற்றுக்கொண்ட மண் அது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்குப் புகலிடம் அளித்த மண்ணும் அதுவே. அம்மண்ணின் மக்களிடம் கொழும்பின் எல்லை எதுவென்று கேட்டால், 'எங்கள் ஊர்வரை வந்துவிட்டது' என்று அவர்கள் பதிலளித்தால் அதனை மறுப்பது கடினம்.

தண்ணீரின் கணக்கும் இதனையே உணர்த்துகின்றது. லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும், களனி கங்கையின் நீரைச் சுத்திகரிக்கும் அம்பத்தளையிலிருந்தும் நகரம் நீர் பெறுகின்றது. இவற்றுள் எதுவும் மாநகர எல்லைக்குள் இல்லை. மழை வெள்ளத்தை உள்வாங்கி நகரைக் காக்கும் சதுப்பு நிலங்கள் கொலன்னாவை, கோட்டே, முத்துராஜவெல என எல்லைக்கு வெளியே பரந்து கிடக்கின்றன. 2018 இல் ஈரநில நகரம் என்ற சர்வதேச அங்கீகாரம் கொழும்புக்குக் கிடைத்தது. ஆனால் 2016 மே மாத வெள்ளத்தில் நாட்கணக்கில் நீரில் மூழ்கியவர்கள் கொலன்னாவை, வெல்லம்பிட்டி மக்கள். நன்மை ஒரு பெயரில் பதிவாக, துன்பம் வேறொரு பெயரில் பதிவாகின்றது.

அவ்வாறாயின் பரிகாரம் என்ன? எல்லையை அகட்டி அனைத்தையும் ஒரே சபையின் கீழ் கொண்டுவந்துவிட்டால் போதும் என்று சிலர் வாதிடக்கூடும். அவ்வாதத்தில் ஒரு நியாயம் உண்டு. பல இலட்சம் மக்களின் உழைப்பால் செழிக்கும் அலுவலகங்களிலிருந்தும் வர்த்தக நிலையங்களிலிருந்தும் கிடைக்கும் சோலைவரி மாநகர சபைக்கே செல்கின்றது. அம்மக்கள் வசிக்கும் வெளிச்சபைகளோ வீதி விளக்குக்கும் வடிகாலுக்கும் நிதியின்றித் தவிக்கின்றன. ஆனால் ஒரே சபை என்ற பெயரில், கொழும்பில் தமிழரும் முஸ்லிம்களும் பலகாலமாகப் பேணிவந்த பிரதிநிதித்துவம் கரைந்துபோக அனுமதிப்பதும் நீதியாகாது.

எமது கருத்தின்படி, சபைகளை இணைக்காமலேயே பணிகளை இணைக்க முடியும். குப்பை, போக்குவரத்து, குடிநீர், வெள்ளத் தடுப்பு ஆகிய நான்கும் எந்த எல்லைக்கும் கட்டுப்படாதவை. இவற்றுக்கெனச் சகல சபைகளினதும் மக்கள் பிரதிநிதிகள் அமரும் பெருநகர மன்றமொன்று தேவை. அதில் குப்பையை அனுப்பும் பிரதேசத்துக்கு உள்ள குரல் அதனை ஏற்கும் பிரதேசத்துக்கும் இருக்க வேண்டும். புத்தளம் வேறு மாகாணத்தில் உள்ளது என்பது அதன் வாயை அடைப்பதற்கான காரணமாகிவிடக் கூடாது. வீதி விளக்கும் நூலகமும் சனசமூக நிலையமும் வழமைபோன்று அந்தந்தச் சபைகளிடமே இருக்கட்டும்.

இத்தகைய மன்றம் நியமிக்கப்பட்ட அதிகாரிகளின் கூட்டமாக இருந்துவிடக் கூடாது என்பதையும் வலியுறுத்த விரும்புகின்றோம். 2010 ஆம் ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டபோது, குடிசைவாழ் மக்கள் தமது வீடுகளைப் பற்றி எடுக்கப்பட்ட தீர்மானங்களைப் பின்னரே அறிந்துகொண்ட அனுபவம் எமக்கு உண்டு. மேல் மாகாண சபையின் பதவிக்காலம் 2019 இல் முடிவடைந்த பின்னர் பல ஆண்டுகள் தேர்தலின்றி ஆளுநரின் கீழ் அது நிருவகிக்கப்பட்டதும் நல்ல முன்னுதாரணமன்று. பெருநகரம் விரிவடையும் வேளையில் அதன் மக்களின் குரல் சுருங்கிச் செல்வதை ஏற்க முடியாது.

எமது மக்களுக்கும் ஒரு கடமை உண்டு. வீடு மாறுபவர்கள் தமது பெயரைப் புதிய இடத்தின் வாக்காளர் இடாப்பில் தாமதியாது பதிந்துகொள்ள வேண்டும். பழைய முகவரியில் ஒரு கால், புதிய முகவரியில் மறுகால் என்ற நிலை இரண்டு இடங்களிலும் எம்மைப் பலவீனப்படுத்தும். எல்லை மீள்நிர்ணயத்துக்கான குழுக்கள் கருத்துக் கோரும்போது பள்ளிவாசல் நிருவாக சபைகளும் ஆலய பரிபாலன சபைகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் எழுத்து மூலம் தமது நிலைப்பாட்டை முன்வைக்க வேண்டும். கோடு வரையப்பட்ட பின்னர் முறையிடுவதைவிட, வரையப்படும்போது அருகில் நிற்பது பயனுடையது.

கொழும்பு களனி கங்கையில் முடிவடையவில்லை. தெஹிவளைக் கால்வாயிலும் முடிவடையவில்லை. அதன் உழைப்பாளி உறங்கச் செல்லும் வீடுவரை, அதன் குழாயில் வரும் நீரின் ஊற்றுவரை, அதன் குப்பை சென்று சேரும் குழிவரை அது நீள்கின்றது. அவ்வளவு தூரம் தனது சுமையை அனுப்பும் நகரம், அவ்வளவு தூரத்துக்குத் தனது பொறுப்பையும் அனுப்ப வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.